கடைசி ஆளாக நடங்கள்: ஏ.எம்.சி. முடித்து ட்ரெக்கிங் வேலைக்குப் போகும் என் அனுபவம்

ஏ.எம்.சி. என்கிற மேல்நிலை மலையேற்றப் பயிற்சியின் முடிவு வந்துவிட்டது. ‘ஏ’ கிரேடு. அதைவிடப் பெரிய நிம்மதி, உத்தராகண்டில் ஒரு ட்ரெக்கிங் நிறுவனம் இந்தக் குளிர்கால சீசனுக்கு என்னைச் சம்பளத்தோடு இண்டர்னாக எடுத்திருக்கிறது. சாங்க்ரி கிராமத்தில் முகாம், கேதார்காந்தா சிகரத்துக்குப் போகும் பாதை. சீசன் முழுக்கத் தாக்குப்பிடித்தால் ட்ரெக் லீடர். போடியில் வீட்டில் இன்னும், “மலை ஏறுறதுக்கெல்லாம் யாருப்பா சம்பளம் தருவாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். தருகிறார்கள். எப்படிக் கிடைத்தது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பி.எம்.சி. என்கிற அடிப்படைப் பயிற்சியில் ‘ஏ’ வாங்காமல் ஏ.எம்.சி. கிடையாது, அதில் ‘ஏ’ வாங்காமல் எம்.ஓ.ஐ. என்கிற பயிற்றுநர் பயிற்சி கிடையாது, பயிற்சி நிறுவனம் உத்தரகாசியோ டார்ஜிலிங்கோ மணாலியோ, இடத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஓட்டப் பயிற்சி, சுமையோடு படி ஏறுவது பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். குழுவில் கடைசி ஆளாக நடங்கள். கேட்டு வாங்கி நடங்கள்.

ட்ரெக்கிங்கில் இதை ஸ்வீப் என்பார்கள். முன்னால் வழிகாட்டி, நடுவில் லீடர், எல்லாருக்கும் பின்னால் ஸ்வீப். யாரும் ஆசைப்பட்டு வராத இடம். எல்லாரும் வழிகாட்டியை ஒட்டி நடக்கத்தான் விரும்புவார்கள். எனக்கு இயல்பாகவே நிதானமான நடை, அதிகம் பேசவும் வராது. அதனால் பின்னால் இருப்பது பிடித்துப்போனது. வேகமாக ஏறுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் பழகிக்கொள்ளத்தான் சொல்வேன்.

பின்னாலிருந்து பார்த்தால் தெரிவதே வேறு. ஒருவருடைய ஷூவுக்குள் குதிகால் தூக்கித் தூக்கி விழும். இன்னும் ஒரு மணி நேரத்தில் கொப்புளம் நிச்சயம். ஒருவர் காலையிலிருந்து பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டார். இன்னொருவர் என்ன கேட்டாலும் “ஓகே” என்று மட்டும் சொல்வார், ஆனால் கையுறையை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருப்பார். இதில் மூன்றாமவரைத்தான் கவனிக்க வேண்டும், உயரம் அவரைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். தலைவலியும் குமட்டலும் இருந்தால் அதற்கு மேல் ஏற்றாமல் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். பி.எம்.சி. வகுப்பில் இது எல்லாருக்கும் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் அந்தத் தள்ளாட்டம் தொடங்கும்போது எப்படி இருக்கும் என்பது பின்னால் நடந்தவருக்குத்தான் கண்ணில் படும்.

கோர்ஸிலும் அப்படித்தான். தேக்லா பாறைப் பயிற்சிக்குப் போகிற ஏற்றத்தில் எங்கள் ரோப்பில், அதாவது ஒன்றாகப் பயிற்சி எடுக்கும் சிறு குழுவில், ஒரு தம்பி தினமும் பின்தங்குவான். நான் அவனோடேயே வந்தேன். யார் முதலில் வந்து சேர்ந்தார்கள் என்பதை இன்ஸ்ட்ரக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரோப் முழுதாக வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். ஜுமாரிங்கில் (கருவி மாட்டிக் கயிற்றில் ஏறுவது) என்னைவிட வேகமானவர்கள் நிறையப் பேர் இருந்தும் எனக்கு ‘ஏ’ வந்ததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

நேர்காணலில் எத்தனை சிகரம் ஏறினாய் என்று கேட்கவே இல்லை. “பதினைந்து பேர் குழு. ஒருத்தர் வாந்தி எடுக்கிறார், இன்னொருத்தர் பனியில் உட்கார்ந்துவிட்டார், மற்றவர்கள் உச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார்கள். உன்னிடம் ஒரே வழிகாட்டி. சொல்லு” என்றார்கள். நான் பார்த்ததையும் செய்ததையும் சொன்னேன். அவ்வளவுதான்.

இனி, செய்ய வேண்டியவை:

– ஹிந்தி பேசப் பழகுங்கள். சமையல்காரரோடும் கோவேறு கழுதை ஓட்டுகிற அண்ணன்களோடும் பேச முடியாதவர் முகாமில் யாருக்கும் உதவ முடியாது.

– வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் படிப்பு, அதாவது மருத்துவ உதவி எட்டாத இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி. சுமார் 70–80 மணி நேரம். மசூரி ஹானிஃபிள் மையத்தில் நடத்துகிறார்கள். செலவுதான், ஆனால் விண்ணப்பத்தில் இதைப் பார்த்ததும்தான் திரும்ப அழைத்தார்கள்.

– யூத் ஹாஸ்டல்ஸ் சங்கத்தின் முகாம்களில் தன்னார்வலராகப் போங்கள்.

– எந்த ட்ரெக் போனாலும் ஸ்வீப்பாக நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: தேதி, உயரம், வானிலை, யாருக்கு என்ன ஆனது, என்ன செய்தோம்.

– மழைக்காலத்துக்கு வேறு வருமானம் தேடி வையுங்கள். ரிஷிகேஷில் ராஃப்டிங்கும் அப்போது நிறுத்தப்பட்டுவிடும்.

இண்டர்ன்ஷிப் தருகிறோம், சான்றிதழ் தருகிறோம், நீ இவ்வளவு கட்டு என்று ஒரு நிறுவனம் என்னிடம் பணம் கேட்டது. சாப்பாடும் கூடாரமும் மட்டும் தருவார்களாம். முதுகில் இருபது கிலோ தூக்கிக்கொண்டு இன்னொருவர் உயிருக்குப் பொறுப்பேற்கிறவரிடமே காசு கேட்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கட்டாதீர்கள். முதல் சீசனில் சம்பளம் குறைவாக இருக்கலாம், ஆனால் பயணச் செலவும் விபத்துக் காப்பீடும் அவர்கள் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஊர்ப்பக்கமே வேலை கிடைக்காதா என்று கேட்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பிடித்தபோது நான் போடியில்தான் இருந்தேன். தீயில் சிக்கிய ட்ரெக்கிங் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. அதில் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். அது அவர்களுக்கே உரிய வேலை, நாம் போட்டிக்குப் போகக் கூடாது. முதலுதவிப் பயிற்சி, பாதுகாப்புத் திட்டமிடல் மாதிரியான வேலைகளுக்கு இங்கே ஆள் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். எம்.ஓ.ஐ. முடித்ததும் அதற்கு முயற்சி செய்வேன்.

விண்ணப்பிக்கும் நேரமும் முக்கியம். குளிர்காலத்துக்குச் செப்டம்பரிலேயே எழுதுங்கள், கோடைக்கு ஜனவரியில். சீசன் தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்க்கவே ஆள் இருக்காது. சிகரத்தில் நிற்கிற படம் வேண்டாம். குறிப்பேட்டில் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள்.