கன்டெய்னரிலிருந்து டேங்கருக்கு

கன்டெய்னர் டிரெய்லரை விட்டுவிட்டு பெட்ரோல் டேங்கருக்கு மாறுவதென்று முடிவெடுத்துவிட்டேன். வடசென்னை தண்டையார்பேட்டையில் ஐஓசி (இந்தியன் ஆயில்) பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு டேங்கர் புதிதில்லை, மணலியில் 1969-ல் ரிஃபைனரி ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பக்கம் அது போகாத நாளே கிடையாது. ஆனால் ரோட்டோரம் நின்று பார்ப்பது வேறு, சாவியைக் கையில் வாங்குவது வேறு. துறைமுக கேட்டுக்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று அலுத்துப்போய், என்னைப் போலவே யோசிக்கிற டிரைவர்கள் திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேப்பர் விஷயம். ஹெவி லைசன்ஸ் மட்டும் போதாது. பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் மூன்று நாள் பயிற்சி முடித்து, அந்த சர்டிஃபிகேட்டைக் காட்டி லைசன்ஸில் தனியாக என்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். முன்பு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷம் செல்லும். வகுப்புக்குப் போகாமலே சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள், உயிர் காப்பாற்றுகிற விஷயமெல்லாம் அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கிற ஆரஞ்சு போர்டு. இத்தனை வருஷம் அதன் பின்னாலேயே டிரெய்லர் ஓட்டியிருக்கிறேன், அது யாருக்காக எழுதியது என்பது வகுப்பில்தான் விளங்கியது. 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல். பெட்ரோல் வண்டியில் கூடவே 3ஒய்இ (3YE) என்று இருக்கும். அந்த 3 தீயணைப்புக்காரருக்குச் சொல்வது நுரை அடித்து அணைக்க வேண்டும் என்பதை, கடைசியில் இருக்கிற இ சொல்வது சுற்றியுள்ள ஜனங்களை அப்புறப்படுத்த வேண்டியிருக்கலாம் என்பதை. விபத்தில் டிரைவர் நினைவில்லாமல் கிடந்தால் அவருக்குப் பதிலாகப் பேசப்போவது அந்த போர்டுதான். அதனால் ஏற்றியிருக்கிற சரக்கும் போர்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. சரக்கு சிந்தினாலோ தீப்பிடித்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று எழுதி கேபினில் வைக்கிற டிரெம் கார்டும் அப்படித்தான், போலீசுக்குக் காட்ட மட்டும் என்று நினைக்காமல் ஒருதரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அப்புறம் ஓட்டுவது. கன்டெய்னரில் சரக்கு கட்டிய இடத்தில் கிடக்கும், டேங்கரில் அது நம்மோடு சேர்ந்து நகரும். எங்கள் தெருவில் எல்பிஜி புல்லட், அதாவது கேஸ் ஏற்றுகிற உருளை டேங்கர், ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். "இன்னா தம்பி, பிரேக் அடிச்சா வண்டி நின்னுடும், உள்ள கீற சரக்கு நிக்குமா?" என்று கேட்டார். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடம்தான் தளும்பும். 20,000 லிட்டர் பெட்ரோல் டேங்கர் என்றால் உள்ளே நாலைந்து அறையாகப் பிரித்திருப்பதால் முழு லோடில் அவ்வளவு ஆட்டம் இருக்காது, பாதி இறக்கிவிட்டு அடுத்த பெட்ரோல் பங்குக்குப் போகும்போதுதான் ஜாக்கிரதை. புல்லட்டை முழுக்க நிரப்பவே மாட்டார்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும், ஆக அதில் எப்போதும் ஆட்டம் உண்டு. மணலி எம்எஃப்எல் ரவுண்டானா மாதிரி இடத்தில் திரும்பிக்கொண்டே பிரேக் போடக் கூடாது, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பதை அவர் மறுபடி மறுபடி சொன்னார். 2025 ஜனவரியில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து, பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் லீவு விட்டார்களே, அதுவும் வண்டி திரும்பும்போது நடந்ததுதான்.

ஆனால் என் கணக்கில் இந்த வேலையில் பாதி சீட்டை விட்டு இறங்கிய பிறகுதான். பங்கில் வண்டியை வெளியே போகும் திசை பார்த்து சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மாஸ்டர் சுவிட்சைத் தட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, மூடியையோ ஹோஸையோ தொடுவதற்கு முன்னால் எர்த்திங் கிளிப்பை மாட்ட வேண்டும். பெட்ரோல் குழாயில் ஓடும்போதே மின்சாரம் சேர்கிறது, ஒரு சின்னப் பொறி போதும். நைலான் சட்டை வேண்டாம், பருத்திதான் நல்லது என்பதும் இதனால்தான். சில நிமிஷம் விட்டு உள்ளே அலை அடங்கிய பிறகு டேங்கரில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, மேனேஜர் முன்னால் டிப் அடித்து, அதாவது ராடை உள்ளே விட்டு அளவு பார்த்து, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று ராடில் பேஸ்ட் தடவிப் பார்த்துவிட்டு, பூமிக்குள் இருக்கிற டேங்கில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். எர்த்திங்கைக் கழற்றுவது கடைசியில். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பக்கத்து கால்வாய் வரைக்கும் போகும், பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைக்கிறவரையும் தைரியமாகத் தடுத்தாக வேண்டும்.

இன்னொன்று, காலி டேங்கர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். சரக்கு போனாலும் ஆவி உள்ளேயே நிற்கும். மூடியைத் திறந்து உள்ளே இறங்குவதோ, வெல்டிங் பட்டறைக்கு அப்படியே கொண்டுபோவதோ உயிருக்கு ஆபத்து. கிளீனர் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் நம் பொறுப்புதான்.

வேலைக்குச் சேரும் முன் முதலாளியிடம் சம்பளம், பேட்டா கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இறக்கும்போது சரக்கு அளவு குறைந்து ஷார்ட்டேஜ் வந்தால் யார் தலையில் விழும், கேபினில் இருக்கிற தீயணைப்பு சிலிண்டர் நல்ல நிலையில் இருக்கிறதா, தூக்கம் வருகிறது என்று சொன்னால் ஓரமாக நிறுத்த விடுவாரா என்பதையும் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடம் ஒன்றை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்டார்ஸ்மென்ட் ஏறி வந்ததும் முதலில் உள்ளூர் பெட்ரோல், டீசல் லோடுதான், அதுவும் ஒரு பெரியவரோடு இரண்டாவது டிரைவராக. புல்லட் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.