சூரை மீனும் தசைநாரின் வரிகளும்

1982 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் விலங்கியல் பயின்ற எங்களுக்குத் தசைநார்கள் பற்றிய பாடம் ஒரு மீன் துண்டிலிருந்தே தொடங்கியது. எமது ஆசிரியர் அன்று காலை சந்தையில் வாங்கி வந்த சூரை மீனின் குறுக்குத் துண்டொன்றைத் தட்டில் வைத்து, பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஓடிய சதையைக் காட்டி, அந்நிறம் எதனால் என்று வினவினார். இரத்தம் என்றோம். பெரும்பகுதி இரத்தமன்று, ஒட்சிசனைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் என்றும், ஓயாமல் நீந்தும் சூரைக்கு மெதுவாகச் சுருங்கி எளிதிற் களைக்காத நார்கள் வேண்டும் என்றும், கோழியின் நெஞ்சிறைச்சி வெளிறியிருப்பது திடீரெனச் சிறகடித்தெழ உதவும் விரைவான நார்களால் என்றும் அவர் விளக்கினார். அம்மா கறிக்கு ஆகாதென்று கழித்தெறிந்தது சூரையின் அந்தக் கருஞ்சிவப்புச் சதையைத்தான்.

பின்னர் ஆட்டிறைச்சித் துணுக்கொன்றை உப்புக் கரைசலில் இட்டு, ஊசிகளால் இழை இழையாகப் பிரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். எனக்கு முதலில் மங்கலான ஒரு குச்சியே தெரிந்தது. ஆசிரியர் ஒளியைச் சற்றுக் குறைத்ததும், நாரின் குறுக்கே கரிய வரியும் வெளிரிய வரியும் மாறிமாறி எழுந்தன. தலைமயிர் அளவு தடிப்புள்ள அந்த நார், பல கருக்களைக் கொண்ட ஒரே கலம் என்பதை நம்பவே கடினமாக இருந்தது.

தசை சுருங்கும்போது கரிய வரியின் நீளம் மாறுவதில்லை. வெளிரிய வரியே குறுகும். அக்தின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகள், மயோசின் என்னும் புரதத்தாலான தடித்த இழைகளுக்கிடையே வழுக்கிச் செல்கின்றன என்னும் இவ்விளக்கத்தை, 1954 இல் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு கட்டுரையிலும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொன்றிலும் வெளியிட்டனர். இரு ஹக்ஸ்லிகளும் உறவினரல்லர் என்பதை ஆசிரியர் மறவாமல் சொன்னார்.

நான் இன்றுவரை வியப்பது வேறொன்றை. சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் தசைக்கு, கலங்களுக்குச் சக்தி வழங்கும் ஏரீபீ (ATP) என்னும் மூலக்கூறு வேண்டும். இறந்த உடலில் அது தீர்ந்ததும், அக்தினைப் பற்றியிழுக்கும் மயோசினின் தலைப்பகுதிகள் விடுபட முடியாமல் பற்றியபடியே நின்றுவிடும்; உடல் விறைப்பது அதனாலேயே. அவ்வாண்டே பாட்டனாரின் செத்தவீட்டில், உடல் விறைக்குமுன் நாடியையும் கால் பெருவிரல்களையும் கட்டுவதற்குப் பெரியவர்கள் விரைந்தபோது, அந்த அவசரத்தின் காரணத்தை அறிந்தவனாக அவர் காலடியில் நின்றேன்.