கொடைக்கானலைப் பார்த்த ஆன்டெனா

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து ஓட்டு வீட்டில், 1990களில் டிவி பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் கூரையேறி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். டிவி சிக்னல் அனுப்பும் கொடைக்கானல் கோபுரம் நேர் தெற்கே, 70 கிலோமீட்டருக்கு மேல். போதாததற்கு வீட்டை ஒட்டியே தென்னந்தோப்பு. மழையில் ஓலை நனைந்துவிட்டால் படம் இன்னும் மங்கும்.

அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மேலே ஆன்டெனா பைப்பைத் திருப்புவார், நான் வாசலில் நிற்பேன்.

"தெரியுதா கண்ணு?"

"புள்ளி புள்ளியா வருதுங் அப்பிச்சி, இன்னுங் கொஞ்சம் திருப்புங்க!"

ஆன்டெனாவில் நீளக் கம்பி பின்னால், குட்டைக் கம்பிகள் கோபுரத்தைப் பார்த்து முன்னால். இதை மாற்றிக் கட்டிவிட்டு டிவியைக் குறை சொன்னவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

நாங்கள் தவறியது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரில். அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஒயரில் இறங்கி வருவதற்குள்ளேயே சிக்னல் தேய்ந்துவிடும். அதற்கப்புறம் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். ஆன்டெனாவுக்கு அடியில், கம்பத்திலேயே கட்டிய அன்றைக்குத்தான் செய்தி வாசிப்பவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அப்பிச்சி இறங்கி வந்து, கையில் ஒட்டிய துருவைக்கூடத் துடைக்காமல், செய்தி முடியும்வரை திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்.

அந்த பைப் இன்னும் நிற்கிறது, மூன்று இழுகம்பிகளோடு. கழற்ற எனக்கு மனசு வரவில்லை.