செஃப் தேர்வு: ஒரு ஹோஸ்டில் மட்டும் செட்டிங் ஏறவில்லை என்றால்

பல மெஷின்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்தான் செஃப். அதற்கான ரெட் ஹேட்டின் இஎக்ஸ் 260 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் மெஷின்களின் தொகுப்பு) நிறுவுவது, பூல் (டேட்டாவை வைக்கும் பிரிவு) உருவாக்குவது என்று அங்கேயே நேரத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் ஒரு செட்டிங்கை மாற்றி, அது உண்மையிலேயே ஏறியதா என்று பார்ப்பதைத் தனியாகப் பழகுகிறவர்கள் குறைவு. தேர்வு முழுக்கச் செய்முறைதான். ஓடுகிற கிளஸ்டரில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். அதனால் கீழே சொல்வதெல்லாம் காரைக்குடியில் வீட்டு லேபில் வைத்துப் பழகியது.

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். பெயர்கள் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர். ஹோஸ்ட் 1, ஹோஸ்ட் 2 என்று வைப்பதைவிட இப்படி ஊர்ப்பெயர் வைத்தால், அவுட்புட்டைப் பார்த்ததும் எது எந்த மெஷின் என்று சட்டென்று பிடிபடும்.

பள்ளத்தூர் மெஷினில் உள்ள ஓஎஸ்டிகளுக்கு (டிஸ்க்கில் டேட்டாவை வைத்துக் கவனிக்கும் செஃப் புரோகிராம்கள்) மட்டும் மெமரி டார்கெட்டை, அதாவது ஒவ்வொன்றும் பயன்படுத்த முயலும் ரேம் அளவை, குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயல்பான அளவு 4 ஜிபி. 'செஃப் கான்ஃபிக் செட்' கமாண்டில் யாருக்கு என்ற இடத்தில் 'ஓஎஸ்டி' என்று மட்டும் போட்டால் எல்லா ஓஎஸ்டிக்கும் போகும். அதோடு ஒரு சாய்கோடு, 'ஹோஸ்ட்', முக்காற்புள்ளி, மெஷின் பெயர் என்று மாஸ்க் சேர்த்தால் அந்த ஹோஸ்டுக்கு மட்டும். அவ்வளவுதான் விஷயம்.

என்னோடு சேர்ந்து படித்த புதுவயல் தம்பி ஒருநாள் போனில் கேட்டார்: "அண்ணே, எரர் எதுவும் வரலை. கான்ஃபிக் டம்ப்லயும் வரி இருக்கு. ஆனா ஓஎஸ்டி பழைய அளவுலயேதான் ஓடுது." அவருடைய மாஸ்க்கில் மெஷினின் முழு டொமைன் பெயர் இருந்தது. மாஸ்க் ஒப்பிட்டுப் பார்ப்பது கிரஷ் மேப்பில் (எந்த ஓஎஸ்டி எந்த ஹோஸ்டில் என்று செஃப் வைத்திருக்கும் வரைபடம்) உள்ள ஹோஸ்ட் பெயரோடு. அந்த மேப்பில் இயல்பாக ஏறுவது புள்ளிக்கு முன்னால் உள்ள சின்னப் பெயர் மட்டும்தான். வரி பதிவாகிவிடும், எந்த ஓஎஸ்டிக்கும் பொருந்தாது. மாஸ்க் எழுதும் முன் 'செஃப் ஓஎஸ்டி ட்ரீ' போட்டு, அங்கே இருக்கிற பெயரை அப்படியே காப்பி செய்யுங்கள். கையால் டைப் அடிக்க வேண்டாம்.

பெயர் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால், தயவுசெய்து இன்னொரு தடவை 'செட்' அடிக்காதீர்கள். முதலில் அந்த டீமனையே (பின்னணியில் ஓடும் புரோகிராம், இங்கே ஓஎஸ்டி) கேளுங்கள். 'கான்ஃபிக் கெட்' சொல்வது மானிட்டரின் (கிளஸ்டரின் நிலையையும் செட்டிங்குகளையும் வைத்திருக்கும் டீமன்) டேட்டாபேஸ்படி என்ன இருக்க வேண்டும் என்பதை. 'கான்ஃபிக் ஷோ ஓஎஸ்டி.3' சொல்வது அந்த ஓஎஸ்டி இப்போது எந்த மதிப்பில் ஓடுகிறது என்பதை. இரண்டும் வேறுபட்டால் கோளாறு நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதையும் ஷோ அவுட்புட்டில் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லும் 'சோர்ஸ்' என்கிற பத்தியே (நெடுவரிசை) காட்டிவிடும். பலரும் மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பத்தியைத் தாண்டிப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் இதைவிட உபயோகமானது வேறு எதுவும் இல்லை.

சோர்ஸில் 'மான்' என்று இருந்தால் மதிப்பு மானிட்டரிலிருந்து வருகிறது. ஆப்ஷன் ஷோ பட்டியலிலேயே இல்லை என்றால் ('கான்ஃபிக் ஷோ-வித்-டிஃபால்ட்ஸ்' போட்டால் 'டிஃபால்ட்' என்று வரும்) நீங்கள் போட்டது அந்த ஓஎஸ்டிக்கு வந்தே சேரவில்லை. மாஸ்க்கைத் திரும்பப் பாருங்கள். 'ஃபைல்' என்றால் லோக்கல் கான்ஃபிக் ஃபைலில் அதே ஆப்ஷன் உட்கார்ந்திருக்கிறது, அது மானிட்டர் சொல்வதை மீறும். செஃப்அட்ம் (செஃப் டீமன்களைக் கன்டெய்னர்களில் நிறுவி நிர்வகிக்கும் கருவி) வைத்த கிளஸ்டரில் இதற்காக ஈடிசி அடியில் உள்ள செஃப் ஃபைலைத் திருத்திப் பயனில்லை. கன்டெய்னரில் ஓடும் டீமன் படிப்பது வார், லிப், செஃப் என்று போகிற பாதையில், கிளஸ்டர் ஐடிக்குள் அந்தந்த டீமனுக்கென இருக்கும் கான்ஃபிக் ஃபைலை. 'ஓவர்ரைடு' என்று வந்தால் யாரோ 'செஃப் டெல்' மூலம் நேரடியாக மாற்றியிருக்கிறார்கள். அது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அதே டெல் வழியாக 'கான்ஃபிக் அன்செட்' கொடுத்தோ டீமனை ரீஸ்டார்ட் செய்தோ அதை நீக்கலாம்.

இந்த டெல் வழி தேர்வில் ஆபத்தானது. உடனே வேலை செய்யும், பார்த்தால் சரியாகவே இருக்கும், ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். ரெட் ஹேட் தேர்வுகளில் செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட்டை நிறுத்திவிட்டு மாலையில்தான் விடுவார்கள். முதல் நாள் இரவே ஹோஸ்ட்வாரியாகச் சில மாற்றங்களைச் செய்து, மெஷின்களை முறையாக அணைத்துவிட்டு, கரண்ட் வந்தபின் ஒவ்வொரு ஓஎஸ்டியிலும் ஷோ போட்டுப் பார்ப்போம். எது நின்றது, எது போனது என்று தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் மெமரி டார்கெட்டுக்கே உரிய ஒரு சிக்கல். ஆட்டோட்யூன் ஆனில் இருந்தால் செஃப்அட்மே அந்த ஹோஸ்டின் ரேமைக் கணக்கிட்டு மதிப்பை எழுதும். இயல்பான விகிதம் 0.7. அதாவது 64 ஜிபி ஹோஸ்டில் 44.8 ஜிபியை எடுத்து, அதில் மற்ற டீமன்களுக்கு உரியதைக் கழித்து, மீதியை ஓஎஸ்டிகளுக்குப் பங்கிடும். அது எழுதுவதும் நீங்கள் போட்ட அதே ஹோஸ்ட் மாஸ்க்கில்தான். இப்போது சரியாக இருந்த மதிப்பு கொஞ்ச நேரத்தில் தானாக வேறாகிவிட்டால் முதல் சந்தேகம் இதன் மேல் வர வேண்டும். சோர்ஸ் 'மான்' என்றே காட்டும் என்பதால் பத்தியை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. ஒரு ஹோஸ்டை மட்டும் இதிலிருந்து விலக்க அதற்கென்றே ஒரு லேபிள் இருக்கிறது. அல்லது அந்த ஓஎஸ்டிகளுக்கு ஆட்டோட்யூனை ஆஃப் செய்துவிட்டு உங்கள் மதிப்பைப் போடலாம்.

தேர்வறையில் இன்டர்நெட் கிடையாது. ஆப்ஷனின் பெயர் ஞாபகம் இருந்தால் 'கான்ஃபிக் ஹெல்ப்' போதும்: இயல்பு மதிப்பு, ஓடும்போதே மாற்ற முடியுமா என்பதெல்லாம் வந்துவிடும். ஓடும்போது மாற்ற முடியாத ஆப்ஷன் என்றால் ரீஸ்டார்ட்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பதற்றத்தில் எதையெதையோ மாற்றிவிட்டீர்கள் என்றால் 'கான்ஃபிக் லாக்' போடுங்கள். மானிட்டர் டேட்டாபேஸில் செய்த மாற்றங்கள் எண்ணோடு வரும். தேவையான எண்ணைக் கொடுத்து 'கான்ஃபிக் ரீசெட்' அடித்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டெல் மூலம் செய்தது இந்த லாக்கில் வராது, அதை ஷோவில்தான் தேட வேண்டும்.