யாகுமோ பெட்டியைச் சாயவைக்கும் முயற்சி: மூன்றாம் மாதக் குறிப்பு

மேற்கு ஜப்பானின் ஒக்கயாமாவிலிருந்து மலைகளைக் கடந்து இசுமோஷி வரை ஓடும் யாகுமோ என்னும் லிமிட்டெட் எக்ஸ்பிரஸில் 1982 முதல் 2024 வரை பணியாற்றிய 381 வரிசைப் பெட்டி ஒன்றை, 1:150 அளவில் கெட்டி அட்டையில் செய்யத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. உடலும், பழைய தேசிய ரயில்வேயின் கிரீம், சிவப்பு வண்ணங்களும் சென்ற மாதமே முடிந்துவிட்டன. வளைவில் பெட்டி உண்மை வண்டியைப் போல உள்பக்கம் சாய வேண்டும் என்ற ஒன்றுதான் மிச்சமிருந்தது. அந்த ஒன்றே இந்த மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

சாய்வு இல்லாவிட்டால் இந்த ரயிலைச் செய்வதில் பொருளே இல்லை. சான்யோ ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் பாதை 1972 மார்ச் 15 அன்று ஒக்கயாமாவை எட்டியபோது, அங்கே இறங்கும் பயணிகளை வடக்கே ஜப்பான் கடல் எனப்படும் கடலின் ஓரத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு வண்டியாக யாகுமோ அதே நாளில் டீசல் பெட்டிகளுடன் தொடங்கியது. எட்டு அடுக்கு மேகம் என்று பொருள்படும் அப்பெயர், ஜப்பானின் பழம்புராண நூலான கொஜிகியில் சுசானோ கடவுள் இசுமோவில் பாடியதாக வரும் பாடலின் முதற்சொல். ஆனால் வண்டி செல்லும் ஹக்குபி பாதையோ தகஹாஷி ஆற்றின் திருப்பங்களை ஒட்டியே ஏறி, மறுபுறம் ஹினோ ஆற்றோடு இறங்குவது. பாதையை நேராக்க முடியாது என்பதால், வளைவிலும் வேகமாகச் செல்லப் பெட்டியைச் சாய்த்தார்கள். 1973இல் நாகோயாவுக்கும் நாகானோவுக்கும் இடையே ஷினானோ ரயிலில் அறிமுகமான 381 வரிசை, ஹக்குபி பாதை மின்மயமான 1982 ஜூலையில் யாகுமோவுக்கு வந்தது.

அதன் இயக்கம் எளிமையானது. பெட்டியின் உடல், சக்கரச் சட்டத்தின் மேலுள்ள உருளைகள்மீது அமர்ந்திருக்கும். (பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, அந்தச் சட்டத்தின் உண்மையான பெயர்தான் போகி என்பது வேடிக்கையாக இருக்கலாம்.) சுழலும் மையம் எடை மையத்துக்கு மேலே இருப்பதால், வளைவில் மையவிலக்கு விசை உடலின் அடிப்பகுதியை வெளியே தள்ள, உடல் ஊசலைப் போல 5 பாகை வரை தானாகச் சாய்கிறது. எடையைக் கீழே வைப்பதற்காகக் குளிர்சாதனக் கருவியைக்கூடத் தரைக்கு அடியில் மாட்டியிருந்தார்கள். கூரைக்கு வண்ணம் பூசும்போது அது ஏன் அவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று நான் வியந்ததற்கு விடை அதுதான்.

அதையே அப்படியே செய்தேன். தையல் ஊசியை அச்சாக்கி, ஈயத் துண்டுகளை அடியில் ஒட்டி, 35 செ.மீ. ஆரமுள்ள வளைவில் ஓட்டினேன். பெட்டி அசையவே இல்லை. அச்சுக்கு எண்ணெய் இட்டும் பயனில்லாமல் போன பிறகே கணக்குப் போட்டேன், முதலிலேயே போட்டிருக்கலாம். மணிக்கு 90 கி.மீ. என்பது இந்த அளவில் நொடிக்கு 17 செ.மீ. தான், அந்த வேகத்தில் இவ்வளைவில் கிடைக்கும் சாய்வு அரைப் பாகைக்கும் குறைவு. 5 பாகை சாய வேண்டுமானால் நொடிக்கு 55 செ.மீ. வேண்டும், உண்மை வண்டிக்கு அது மணிக்கு 300 கி.மீ.க்கு நெருங்கிய வேகம், அதாவது ஷின்கான்சென் வேகம். நீளத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது.

விடாப்பிடியாக அந்த வேகத்திலும் ஓட்டினேன். பெட்டி சாய்ந்தது, ஆனால் தாமதமாக: வளைவில் நுழைந்தும் உராய்வில் சிறிது நேரம் நிமிர்ந்தே நின்று, பிறகு சடக்கென்று சாய்ந்து, வளைவு முடிந்தபின் எதிர்ப்பக்கம் ஆடியது. உண்மை வண்டியின் குறையும் இதுவேதான். வளைவுக்கும் சாய்வுக்கும் இடையிலான இந்தப் பிந்தல், உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டலைத் தந்தது. யாகுமோவில் வாந்திப் பைகள் வைக்கப்பட்டிருந்தன. தோற்றுப்போன ஊசலில்தான் என் மாதிரி மூலத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது என்பதை மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, விசையை நம்பாமல், வளைவில் சக்கரச் சட்டம் பெட்டிக்குக் கீழே ஏழெட்டுப் பாகை திரும்புவதைக் கொண்டே உடலைச் சாய்க்கும் கம்பி இணைப்பைச் செய்தேன். இரு முனைகளிலும் ஒரே மாதிரி மாட்டியது தவறு: முன்சட்டம் ஒருபுறம் திரும்பும்போது பின்சட்டம் மறுபுறம் திரும்புவதால் இரண்டும் மல்லுக்கட்டி, அட்டை முறுக்கிக்கொண்டு தடம்புரண்டது. பின்கம்பியை மாற்றி வளைத்த பிறகு, எந்த வேகத்திலும் வளைவு தொடங்கும் இடத்திலேயே மெதுவாகச் சாய்கிறது.

ஆனால் இப்போது உள்ளே இருப்பது 381இன் இயக்கம் அல்ல. 2024 ஏப்ரல் 6 முதல் ஓடும் 273 வரிசையின் போக்குக்கே இது நெருக்கம். அந்த வண்டி, தன்னிடமுள்ள வளைவுத் தரவுகளைச் சுழல்மானி (திரும்புதலை உணரும் கருவி) அளக்கும் வளைவோடு ஒப்பிட்டு, தான் நிற்கும் இடத்தை அறிந்து சாய்வைக் கட்டுப்படுத்துகிறது. 381 வரிசை அதே ஆண்டு ஜூன் நடுவில் யாகுமோவின் வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகிவிட்டது. என் பெட்டியோ மேலே கிரீமும் சிவப்புமாக 1982, கீழே 2024.

கழற்றிய ஊசி அச்சை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் பெட்டியை அதிலேயே செய்து, வேகத்தைக் கூட்டி ஓட்டலாம் என்று எண்ணம்.