எல்லா கதவும் சாத்தியாச்சு, லைட் மட்டும் அணையல

நம்ம வண்டி 2009 மாடல் ஹேட்ச்பேக், 15 வருஷம் முடிஞ்சு ஆர்சிய இன்னும் 5 வருஷத்துக்கு ரினியூ பண்ணி ஓட்டிட்டிருக்கேன். போன மழை சீசன்ல டேஷ்போர்டுல கதவு திறந்திருக்குனு காட்டுற அந்த சிவப்பு கார் படம் எரிய ஆரம்பிச்சுது. முதல்ல ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கறப்ப மட்டும் மின்னும், அப்புறம் ஒரு நாள் பெங்களூருல சில்க் போர்டு தாண்டினதுல இருந்து அத்திப்பள்ளி வரைக்கும் அணையவே இல்ல. பழைய வண்டில்ல, எல்லா கதவுக்கும் சேத்து ஒரே லைட்டு, எந்தக் கதவுனு சொல்லாது.

பழி நேரா அம்மா மேல. அவங்க எப்பவும் பின்னாடி லெஃப்ட் சைடு, கதவ ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி நோகாம சாத்துவாங்க. "நல்லா இழுத்து சாத்துமா"னு நான் கத்தி கத்தி, அவங்க டமால்னு அடிக்க ஆரம்பிச்சாங்க. லைட் அப்படியே எரியுது.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா நாலு கதவு சுவிட்சும் மாத்தணும்னாங்க. எந்தக் கதவுனு பாக்காமலே நாலுமா? சரி நாமளே பாப்போம்னு ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்தேன்.

எங்க வண்டில கதவு சட்டத்துல ரப்பர் தொப்பி போட்ட சின்ன பட்டன் ஒண்ணு இருக்கும், அதான் சுவிட்ச். கதவு மூடினா அமுங்கி சர்க்யூட் கட் ஆகும், திறந்தா வெளிய வந்து ஒயர் பாடில எர்த் ஆகி லைட் எரியும். அதனால கனெக்டர கழட்டிட்டா அந்தக் கதவு மூடியிருக்குனு வண்டி நம்பிடும், ஒவ்வொண்ணா கழட்டி எதுல லைட் அணையுதோ அதான் குற்றவாளி. (புது வண்டிங்கள்ல சுவிட்ச் பூட்டுக்குள்ளயே இருக்கும், அதுக்கு இந்த வேலை ஆகாது.) ஒண்ணு மட்டும் கவனம், சுவிட்ச வெளிய இழுத்ததும் ஒயர ஒரு டேப் போட்டு ஒட்டி வச்சுக்கங்க, பில்லருக்குள்ள நழுவி விழுந்துச்சுனா மீன் பிடிக்கிற கதைதான், எனக்கு ஒரு மணி நேரம் அதுலயே போச்சு.

நாலையும் கழட்டியாச்சு. லைட் எரியுது.

எல்லாத்தையும் திரும்ப மாட்டி வச்சேன், திங்கக்கிழமை காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆகல. டக் டக்னு சத்தம், அவ்ளோதான். பக்கத்து வீட்டு வண்டி பேட்டரில இருந்து ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணி அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் கிட்ட போனேன், ஆம்பூர்காரர், பாய்னு தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கதையெல்லாம் கேட்டுட்டு "உள்ள ரூஃப் லைட் எரியுதா தம்பி?"ன்னாரு. இல்ல பாய்னேன். "அப்ப நாலு கதவும் சுத்தம். அஞ்சாவது கதவ பாத்தியா?"

டிக்கி! நான் அத கதவு கணக்குலயே சேக்கல பாருங்க. எங்க வண்டில நாலு கதவுல எது திறந்தாலும் ரூஃப் லைட் எரியும், டிக்கி திறந்தா டிக்கி லைட் மட்டும்தான். அந்த 5 வாட் பல்பு பின் சீட்டுக்குப் பின்னாடி டிக்கிய மூடுற பார்சல் ட்ரேக்கு அடில யாருக்கும் தெரியாம எரிஞ்சிட்டு இருந்திருக்கு. 12 வோல்ட்டுக்கு அது 0.4 ஆம்பியர் இழுக்கும், ரெண்டு நாள் நிறுத்தி வச்சா 20 ஆம்பியர் அவர் காலி. என் பேட்டரி மொத்தமே 35, அதுவும் பழசு.

பாய் டிக்கி கீல் பக்கத்துல பாடிக்கும் டிக்கிக்கும் நடுவுல போற ரப்பர் குழாய இழுத்து காட்டினாரு. 15 வருஷமா திறந்து மூடி திறந்து மூடி உள்ள ஒயருங்க மடிஞ்ச இடத்துல தோல் உரிஞ்சு செம்பு பல்லக் காட்டுது, அதுல சுவிட்ச் ஒயர் பாடில உரசி எர்த் ஆகுது. டேப் சுத்தினா போதுமேன்னேன், முறைச்சாரு. மடங்குற இடத்துல டேப் ஒரு சம்மர் கூட தாங்காதாம். வெட்டி, கொஞ்சம் நீளமா புது ஒயர் சேத்து சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டு சூடு காட்டி ஒட்டினாரு, ஜாயிண்ட் குழாய்க்குள்ள வராம பாடி பக்கம் தள்ளி.

டேஷ்போர்டுல எரியுற அந்த லைட்டையே பிடுங்கிப் போடுடானு ஆபீஸ்ல ஒருத்தன் ஐடியா குடுத்தான். பின்னாடி சீட்ல குழந்தை உக்காருது, நிஜமாவே ஒரு நாள் கதவு சரியா மூடலன்னா யாரு சொல்லுவா?

கூலி 400 ரூபா. அதே குழாய்க்குள்ள பின் வைப்பர் ஒயரும் அறுந்து கிடந்துச்சு, கேக்காமலே அதையும் சேத்து ஒட்டிட்டாரு. மோட்டார் போச்சுனு நெனச்சு ரெண்டு வருஷமா விட்டிருந்தேன், இப்ப ஓடுது.