ஸ்கிரைப் ஆகப் போகிறீர்களா? கல்லூரி மாணவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

கல்லூரியில் சேர்ந்த புதிதில் சமூக சேவைக்கு ஆள் பிடிக்க வருவார்கள். என்எஸ்எஸ், ஒய்ஆர்சி, ரோட்டராக்ட் என்று வரிசையாக மேசை போட்டிருக்கும். மரக்கன்று, ரத்த தானம், ஹெல்மெட் பேரணி, கடற்கரையில் குப்பை பொறுக்குவது எல்லாம் நல்லதுதான், நானும் போயிருக்கிறேன். ஆனால் அந்த மேசைகளில் யாரும் பெரிதாகச் சொல்லாத வேலை ஒன்று இருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது. அரசு ஆவணங்களில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்பார்கள். மற்ற எல்லோருக்கும் ‘ஸ்கிரைப்’.

இந்த வேலைக்குக் கல்லூரி மாணவர்கள்தான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, தேர்வரே தன் ஸ்கிரைபை அழைத்து வந்தால், அந்த ஸ்கிரைபின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த புதிய நெறிமுறை அந்த அளவை மாற்றியிருக்கிறது, ஆனாலும் ஸ்கிரைபின் படிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. பி.ஏ. முடித்த ஒருவர் வங்கித் தேர்வு எழுதுகிறார் என்று வையுங்கள். கூடப் படித்த நண்பன் உதவிக்குப் போக முடியாது, அவனும் பட்டதாரி ஆயிற்றே. இன்னும் பட்டம் வாங்காத ஆள் வேண்டும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கிற நீங்கள் அதற்குச் சரியாகப் பொருந்துவீர்கள். பட்டம் கையில் வந்ததும் அந்தத் தகுதியில் பாதி போய்விடும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, தேர்வுக்குத் தேர்வு வேறுபடவும் செய்யும். அதனால் அந்தந்தத் தேர்வின் அறிவிப்பை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வுகளுக்குப் பெரும்பாலும் வேறு துறையில் படிக்கிற ஜூனியரைத்தான் கேட்பார்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். எழுத ஆரம்பித்தால் கை இழுத்துக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ உள்ள ஒருவர் வழக்குப் போட்டு, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஸ்கிரைப் உரிமையைப் பெற்றார். 40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, வேலைக்கு வருவோம். போகிற எல்லோரும் ‘உதவி செய்யப் போகிறோம்’ என்ற நினைப்பில்தான் போகிறோம். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது உதவி செய்யாமல் இருப்பது. சொன்னதை எழுத வேண்டும், கேட்டதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும்போதுதான் கஷ்டம் தெரியும்.

ஒரு அண்ணனுக்கு நான் எழுதப்போன வரலாற்றுத் தாள். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தைப் பிடித்த கதையைப் பத்து மதிப்பெண்ணுக்கு அந்த அண்ணன் சொல்லிக்கொண்டே வருகிறார். “பக்சார் போர், 1757” என்றார். எனக்குப் பள்ளிக்கூட ஞாபகத்திலேயே தெரியும், 1757 பிளாசி. எழுதினேன். பேனா ஒரு நொடி நின்றால்கூட அவருக்குக் காதில் விழும், அதுவே ஒரு குறிப்பு ஆகிவிடும் என்பதால் நிறுத்தாமல் எழுதினேன். விடை முடிந்ததும், “ஒரு தடவை வாசி தம்பி” என்றார். ஒரே சீராக வாசித்தேன். பாதியில் நிறுத்தி, “ரெண்டு போருக்கும் ஒரே வருஷமா சொல்லிட்டேன்? பக்சார் 1764, மாத்திடு” என்றார். மாற்றினேன். அவர் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் 1757 என்றே தாள் போயிருக்கும். அப்படிப் போன விடைகளும் உண்டு, வெளியே வந்து டீ குடிக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

இதில் என்ன அவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். ஸ்கிரைப் வைத்து எழுதுகிறவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும், ‘எழுதினவன் கெட்டிக்காரன்’ என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். ஸ்கிரைபுக்குக் குறைந்த படிப்பு என்ற விதியே அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான். நீங்கள் நல்ல மனதோடு ஒரே ஒரு வருஷத்தைத் திருத்தினால், அவர் ராத்திரியெல்லாம் கேட்டுக் கேட்டுப் படித்த மற்ற ஒன்பது விடைகளும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

எழுதுவதைவிட வாசிப்பதில்தான் திறமை தேவை. வினாத்தாள் கைக்கு வந்ததும் முதல் கேள்விக்குப் பாயக் கூடாது. எத்தனை பிரிவு, எதில் எத்தனை எழுத வேண்டும், எது கட்டாயம், எங்கே ‘அல்லது’ இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்ற மாணவர்கள் தாளைப் புரட்டி ஒரே பார்வையில் தெரிந்துகொள்வது இதைத்தான். அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் மதிப்பெண்ணோடு வாசியுங்கள்.

கொள்குறி வினாக்களில் குரல்தான் எதிரி. சரியான விடை வரும்போது நம்மை அறியாமல் குரல் ஏறும், அல்லது கொஞ்சம் இழுக்கும். நான்கையும் ஒரே வேகத்தில் வாசிக்க வீட்டில் பழகிக்கொண்டு போங்கள். பொருத்துக வினாவை அச்சில் இருக்கிறபடி குறுக்கே வாசித்தால் குழப்பம்தான். இடப்பக்கம் நான்கையும் வாசித்து, வலப்பக்கம் நான்கையும் வாசித்து, மறுபடி இடப்பக்கத்தில் ஒன்றைச் சொல்லி நிறுத்துங்கள். அவர் கேட்டால் வலப்பக்கத்தை மீண்டும் சொல்லுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் மாதிரித் தேர்வுகளில் 150 கேள்வி, மூன்று மணி நேரம். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பதால் அது நான்கு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் வாய் ஓயாமல் வாசித்துப் பார்த்தால் தெரியும் தொண்டை படும் பாடு. தண்ணீர் பாட்டில் உள்ளே அனுமதியா என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

கணக்கு வந்தால் இன்னும் கவனம். ‘48 கூட்டல் 16 வகுத்தல் 4’ என்று வாசித்தால் விடை 52. தாளில் 48-ம் 16-ம் அடைப்புக்குறிக்குள் இருந்திருந்தால் விடை 16. ஆகவே அடைப்புக்குறி திறப்பதையும் மூடுவதையும் வாயால் சொல்ல வேண்டும். அட்டவணை என்றால் முதலில் எத்தனை வரிசை, எத்தனை பத்தி, தலைப்புகள் என்னென்ன. பிறகு வரிசை வரிசையாக எண்கள். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரும் புதிர் வந்தால், ரஃப் ஷீட்டில் அவர் சொல்கிற இடத்தில் மட்டும் பெயரைப் போடுங்கள். பார்த்ததுமே யார் எங்கே என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய சித்திரவதை. வங்கி முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம், கூடுதல் 20-ஐச் சேர்த்தால் கேள்விக்கு 48 விநாடி. அந்த 48-க்குள் நீங்கள் வாசிக்கிற நேரமும் அடக்கம். திக்கித் திக்கி ஆங்கிலம் வாசிக்கிறவர் அன்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே மேல். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரை வேறு ஆள் தேட விடுங்கள்.

விரிவான விடை எழுதும்போது ‘கமா’, ‘புது பாரா’, ‘தலைப்பு, அடிக்கோடு’ என்று அவரே சொல்லிவிடுவார். சொல்லப் பழகாத முதலாண்டு மாணவர் என்றால், பாரா பிரிக்கவா என்று கேட்கலாம். தமிழ் இலக்கிய மாணவராக இருந்தால் ர, ற. ல, ள, ழ. ஒற்று மிகுமா மிகாதா என்பதையெல்லாம் சந்தேகம் வந்த இடத்தில் கேட்டு எழுதுங்கள். நமக்கு வாட்ஸ்அப் தமிழ். அவருக்கு அது பாடம். அப்புறம் எத்தனையாவது பக்கம், பக்கத்தில் எவ்வளவு மிச்சம், மணி என்ன என்பதை அவர் அடிக்கடி கேட்பார். பத்து மதிப்பெண் விடைக்கு இரண்டரைப் பக்கம் வந்ததா என்று அவருக்கு வேறு எப்படித் தெரியும்? கேட்காவிட்டாலும் ஒவ்வொரு விடை முடிந்ததும் மணியைச் சொல்வது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

பேசி வைப்பது என்றேனே, அது முக்கியம். தேர்வு நடத்துகிறவர்களே ஸ்கிரைப் தந்தால்கூட, இரண்டு நாள் முன்பே தேர்வர் அவரைச் சந்திக்க விட வேண்டும் என்று 2018 நெறிமுறையிலேயே இருந்தது. நீங்கள் தனிப்பட்ட முறையில் போகிறவர் என்றால் ஒருநாள் சாயங்காலம் பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து அரைமணி நேரம் பழகிப் பாருங்கள். அவருடைய வேகம் உங்களுக்கும், உங்கள் உச்சரிப்பு அவருக்கும் பிடிபட்டுவிடும். ஆதார் அசல், புகைப்படம், கல்லூரி அடையாள அட்டை, இருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் எல்லாம் அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டியவை. இன்னொன்று, இதை அடிக்கோடிட்டே சொல்கிறேன்: வங்கி வேலைக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வுகளில் அதே தேர்வுக்கு விண்ணப்பித்தவர் ஸ்கிரைபாகப் போகக் கூடாது. தெரியவந்தால் இரண்டு பேரின் விண்ணப்பமும் ரத்து. ஒரே ஸ்கிரைப் இரண்டு தேர்வர்களுக்கு எழுதுவதும் கூடாது. இறுதியாண்டில் எல்லோருமே கையில் கிடைத்த தேர்வுக்கெல்லாம் போட்டு வைத்திருப்போம், மறந்து தலையாட்டிவிடாதீர்கள்.

தேர்வு மையத்தில் வாசலிலிருந்து அறைக்குப் போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்கேலை வரியின் மேல் வைத்து, அவர் விரலை அதன் விளிம்பில் கொண்டுவந்து விட்டால் பலரும் அழகாகப் போட்டுவிடுவார்கள். பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டும் கண்காணிப்பாளர்கள் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியுமா என்று அவரைக் கேட்டுவிட்டு நீட்டலாம். “இவர் பேர் என்ன, எந்த காலேஜ்?” என்று அவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்பார்கள். “அவரையே கேளுங்க சார்” என்று சொல்லிவிடுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒரு மையத்தில் எங்களை வராந்தாவில், ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளி உட்காரவைத்தார்கள். வாய்விட்டு வாசிக்கிற வேலைக்கு அது ஆகாது. தாள் கொடுக்கும் முன்பே தனி அறை கேட்டுவிட வேண்டும், ஆரம்பித்த பிறகு கேட்டால் போகிற நேரம் அவருடையது.

நேரில் போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். ஆனால் நம் துறைகளில் சுற்றும் நோட்ஸ் பாதி பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துக் குவியலாக உளறும். மீதி, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். இவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்த்துக் கொடுத்தால் ஒரு வகுப்புக்கே பல வருஷம் பயன்படும். குரல் பதிவு செய்வதானால் ஒரு இயலுக்கு ஒரு கோப்பு, தொடக்கத்தில் நூல் பெயரும் பக்க எண்ணும், பக்கம் மாறும்போது மறுபடி பக்க எண். சங்கப் பாடல் வந்தால் ஒருமுறை சீர் பிரித்து, ஒருமுறை சந்தி பிரித்து வாசியுங்கள். மனப்பாடத்துக்கு முதலாவது, பொருளுக்கு இரண்டாவது. வானொலி நாடகக் குரல் வேண்டாம், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவர்களுக்கு அது இம்சை.

என்எஸ்எஸ்ஸில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரக் கணக்கு உண்டல்லவா, எழுதிக் கொடுத்த நேரத்தையும் அதில் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். பேரணிக்குக் கிடைக்கிற வருகைப்பதிவு இதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. பேரணி மாதிரி இதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்க மட்டும் முடியாது. தேர்வு எழுதி முடித்துக் களைத்து நிற்கிறவரின் தோளில் கைபோட்டு செல்பி எடுத்துப் போடுவது, அவரைக் கேட்காமல் செய்கிற காரியம் இல்லை.

நவம்பரிலும் ஏப்ரலிலும் ஆள் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும், நமக்கும் அப்போதுதான் செமஸ்டர். ஆகவே உங்கள் தேர்வு அட்டவணை வந்த பிறகு, முடிகிற தேதிகளை மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு முதல் நாள் ராத்திரி போனை அணைத்து வைக்கிறவர்களால்தான் பல பேர் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள். காய்ச்சல் யாருக்கும் வரும். அவசரத்துக்கு ஸ்கிரைபை மாற்ற 2018 நெறிமுறையிலேயே இடம் இருந்தது. ஆனால் அந்த மாற்று ஆளையும் தேர்வரே ஓடித் தேடும்படி விடக் கூடாது. உங்களோடு படிக்கிற இன்னொருவரின் பெயரையும் எண்ணையும், அவரிடம் சம்மதம் கேட்டு, முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.